எத்தனை பர்சென்ட் தூசு

அவர் மூக்குத் தண்டின் மேல் ஒரு நீலக் கோடு இருந்தது. வலது புருவத்தை ஒட்டி இன்னொன்று. கைகளின் புறத்தில் பொடிப்பொடியாக ஏழெட்டு. 2003 நவம்பர். நான் வேல்ஸுக்கு நர்ஸாக வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நுரையீரல் பரிசோதனை அறையில் என்னைப் போட்டிருந்தார்கள். மூக்கில் கிளிப்பை மாட்டக் குனிந்தபோதுதான் அந்தக் கோட்டைக் கிட்டத்தில் பார்த்தேன். பச்சை குத்தியதா என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்க ஒரு நிமிடம் ஆனது. "குத்தினதுதான், பாக். கரி குத்தினது."

சுரங்கத்துக்குள் கல் பட்டுத் தோல் கிழியும். கழுவத் தண்ணீர் இருக்காது, ஷிஃப்ட் முடியாமல் மேலே வரவும் முடியாது. காயத்தில் கரித்தூசு உட்கார்ந்துகொள்ளும், அதன் மேலேயே தோல் மூடிவிடும். அப்புறம் சாகும்வரை அந்த நீலம் போகாது. ரோந்தா என்ற அந்தச் சுரங்கப் பள்ளத்தாக்கில் ஒரு வயதான ஆணின் கையைப் பார்த்தாலே அவர் எங்கே வேலை செய்தவர் என்று சொல்லிவிடலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

படிவத்தில் தொழில் என்ற இடத்துக்கு வந்தேன். "மார்டி குழி. பதினாலு வயசிலிருந்து." அடுத்த கேள்வியை நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: "ஐம்பது பர்சென்ட்." எதில் ஐம்பது என்று எனக்குப் புரியவில்லை. ஆக்சிஜனா, நுரையீரலின் கொள்ளளவா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிதான் விளக்கினார். "தூசு, கண்ணு. இவருக்கு ஐம்பது. எங்க அப்பாவுக்கு நூறே இருக்கும். ஆனா எழுதித் தரல."

அந்த இருவரைப் பற்றியும் அவர்கள் ஊரைப் பற்றியும் எழுத வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. ஊரை மட்டும் மாற்றவில்லை.

வேல்ஸின் தலைநகர் கார்டிஃபிலிருந்து வடக்கே போனால் பொன்டிப்ரித், அதைத் தாண்டினால் ரோந்தா. போர்த் என்ற இடத்தில் பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ரோந்தா வாவ்ர், பெரிய ரோந்தா. மற்றது ரோந்தா வாக், சின்ன ரோந்தா. வெல்ஷ் மொழியில் 'பாக்' என்றால் சின்ன. சில இடங்களில் சொல்லின் முதல் எழுத்தே மாறிவிடும் மொழி அது, அதனால் பாக் அங்கே வாக் ஆகிறது. பெரியவர்கள் நம்மைக் கூப்பிடுகிற 'பாக்'கும் அதே சொல்தான், நாம் 'குட்டி' என்கிற மாதிரி. எனக்கு இந்த விஷயம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கின் பெயரைக் கேட்டாலே யாரோ செல்லமாகக் கூப்பிடுவது போலத்தான் இருக்கிறது.

சின்ன ரோந்தாவின் உச்சியில் மார்டி. அதற்குக் கீழே ஃபெர்ண்டேல், இன்னும் கீழே டைலர்ஸ்டவுன். இருபுறமும் மலை, நடுவில் ஒடுங்கிய ஆறு. மலைச்சரிவில் படிக்கட்டு மாதிரி வரிசை வீடுகள், ஒன்றோடொன்று சுவர் ஒட்டி. வாசலைத் திறந்தால் நடைபாதை. ஆடுகள் தெருவில் சாவகாசமாக நடந்துபோகும். 1851-ல் ரோந்தா முழுவதிலும் ஆயிரம் பேர்கூட இல்லை. 1911-ல் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அறுபது வருடத்தில் அத்தனை பேரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது கரி. இரண்டு பள்ளத்தாக்குகளிலும் சேர்த்து ஐம்பதுக்கு மேற்பட்ட குழிகள் இருந்தன.

அந்தக் கரிக்கு ஒரு குணம் உண்டு. சூடு அதிகம், புகை குறைவு. நீராவிக் கப்பல்களுக்கு அதுதான் வேண்டும், அதுவும் போர்க்கப்பல்களுக்கு. புகை எழுந்தால் எதிரி தூரத்திலேயே பார்த்துவிடுவானே. பிரிட்டிஷ் கடற்படை வேல்ஸ் கரியைத்தான் விரும்பி எரித்தது. நம் ஊரில் கெட்டிக்காரனை 'எம்டன்' என்கிறோம் அல்லவா, 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மேல் குண்டு போட்ட அந்த ஜெர்மன் கப்பல், அடுத்த சில நாட்களில் கொழும்புக்கு மேற்கே ஒரு பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை மடக்கியது. புரெஸ்க் என்று பெயர். அதில் இருந்தது ஆறாயிரம் டன்னுக்கு மேல் வேல்ஸ் கரி. முன்பு பிடித்த இந்தியக் கரி புகைந்து தள்ளியதால் எம்டன்காரர்களுக்கு அது புதையல் மாதிரி. இந்தக் கதையைப் பெரியவரிடம் சொன்னபோது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த முறை வந்தபோது வார்டில் இருந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

1913-ல் தெற்கு வேல்ஸ் சுரங்கங்கள் ஐந்தரைக் கோடி டன்னுக்கு மேல் கரி எடுத்தன. 1920-ல் அவற்றில் இரண்டே முக்கால் லட்சம் பேர் அளவுக்கு வேலை செய்தார்கள். நான் வந்து சேர்ந்த வருடம் அந்தப் பகுதியில் பெரிய ஆழ்குழி என்று மிஞ்சியிருந்தது ஒன்றுதான்.

என் வேலை எளிமையானது. மூக்கை அடைத்து, வாயில் குழாயைக் கொடுத்து, மூச்சை நிறைய இழுக்கச் சொல்லி, ஒரே மூச்சில் ஊதச் சொல்ல வேண்டும். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், நிறுத்தாதீங்க" என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். ஆறு விநாடியாவது ஊத வேண்டும். பெரியவர் அதில் சூரர். நுரையீரலில் காற்றே இல்லாவிட்டாலும் அந்தக் கடைசித் துளி வரைக்கும் விட மாட்டார். எப்படி என்று கேட்டதற்கு, முப்பது வருடம் ஆண்கள் பாடகர் குழுவில் பாடினேன் என்றார். அங்கே ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒரு குழு இருந்தது. கரி வெட்டுகிறவர்கள் குளித்துவிட்டு வந்து நின்று பாடுவார்கள். "ஒரு வரியை முடிக்க நடுவுல மூச்சு வாங்க வேண்டி வந்துச்சு. அன்னைக்கே விட்டுட்டேன்," என்றார். டாக்டரிடம் போவதற்கு இரண்டு வருடம் முன்பாம் அது. எந்த இயந்திரத்துக்கும் முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கரித்தூசில் கண்ணுக்குத் தெரிகிற துகள்களால் ஆபத்து குறைவு. மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக்கொள்ளும், காறித் துப்பினால் கருப்பாக வரும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய துகள்கள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகின்றன. உடம்பு அவற்றை விழுங்கப் பார்க்கிறது, முடியவில்லை, சுற்றி முடிச்சுப் போடுகிறது. அந்த முடிச்சுகள் சிலருக்கு ஒன்றுசேர்ந்து பெரிய தழும்பாகின்றன. வேலையை விட்ட பிறகும் வளரும். மருந்து கிடையாது. 2003-ல் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. கரி வெட்டும் இயந்திரங்கள் வந்தபோது வேலை சுலபமானது, தூசு கூடியது.

கரித்தூசு தீங்கில்லாதது என்று டாக்டர்களே சொன்ன காலம் உண்டு. பாறைத் தூசுக்கு மட்டும் முதலில் நஷ்ட ஈடு கொடுத்தார்கள். கரியை மட்டுமே வெட்டியவனுக்கு ஒன்றும் இல்லை. 1943-ல்தான் கரித்தூசு நோயைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதிலும் ஒரு கொடுமை: நோய் இருப்பதாக எழுதிக் கொடுத்தால் சுரங்க வேலையை விட்டு விலகியாக வேண்டும். 1948 வரை அப்படித்தான். நாற்பது வயதில், வேறு தொழில் தெரியாமல், ஒரு சீட்டோடு வீட்டுக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களை நினைத்துப் பாருங்கள். டாக்டர்கள் குழு எக்ஸ்ரேயைப் பார்த்து உடல் பாதிப்பு எவ்வளவு என்று சதவீதத்தில் சொல்லும். பணம் அந்தக் கணக்கில்தான் வரும். அப்படித்தான் அந்தக் கேள்வி பேச்சுவழக்கில் வந்து உட்கார்ந்தது. கடைத்தெருவில் பார்த்துக்கொண்டால் "உனக்கு எத்தனை பர்சென்ட்?" "முப்பது. உனக்கு?" என்பார்களாம். பத்து வாங்கியவன் ஐம்பது வாங்கியவனை விட மோசமாக மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பானாம். அந்த எண்ணை யாரும் நம்பவில்லை, எல்லாரும் அதை வைத்துத்தான் வாழ்ந்தார்கள்.

இங்கே ஆர்ச்சி காக்ரேனைச் சொல்லாமல் போனால் என் தொழிலுக்குத் துரோகம். ஸ்காட்லாந்துக்காரர். கார்டிஃப் பக்கத்து லாண்டாக் ஆஸ்பத்திரியில் கரித்தூசு நோய்க்கென்று அமைத்த ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்த டாக்டர். 1950-ஐ ஒட்டி, சின்ன ரோந்தாவில் இருக்கிற வயதுவந்தவர்கள் அத்தனை பேரையும் எக்ஸ்ரே எடுப்பது என்று இறங்கினார். நோயாளிகளை மட்டுமல்ல, அத்தனை பேரையும். பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு வந்து நின்றார்கள். தூசோடு காசநோயும் சேர்ந்துதான் அந்தப் பெரிய தழும்பு உண்டாகிறதா என்று பார்ப்பதற்காக, மலைக்கு அந்தப் பக்கத்து அபர்டேர் பள்ளத்தாக்கோடு ஒப்பிட்டார். ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் எதையும் எண்ணிப் பார்க்காமல், ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது என்ற அவருடைய பிடிவாதம் பின்னால் மருத்துவ உலகத்தையே மாற்றியது. இன்றைக்கு எந்த டாக்டரும் 'காக்ரேன்' என்ற பெயரைக் கேள்விப்படாமல் படிப்பை முடிக்க முடியாது. அந்தப் பெயருக்குப் பின்னால் வரிசையில் நின்று சட்டையைக் கழற்றிய சின்ன ரோந்தாக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை எனக்கு வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியவர்தான் சொன்னார். அவரும் அந்த வரிசையில் நின்றவர், அப்போது அவருக்கு இருபது வயது.

ஒரு கோடை விடுமுறையில் மகனைக் கூட்டிக்கொண்டு பிளைனாவொன் போனோம். அங்கே 1980-ல் மூடிய பிக் பிட் குழியை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். உண்மையான கூண்டில் முந்நூறு அடி இறக்குகிறார்கள். போவதற்கு முன் கைக்கடிகாரம், செல்போன், தீப்பெட்டி, எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கீழே வாயு இருக்கலாம், ஒரு பொறி போதும். கூட்டிப்போனவரும் பழைய சுரங்கத் தொழிலாளிதான். குதிரை லாயத்தைக் காட்டினார், ஒவ்வொரு கொட்டடிக்கு மேலும் குதிரையின் பெயர். வருடத்துக்குக் கொஞ்ச நாள்தான் அவை வெளிச்சத்தைப் பார்க்கும். அப்புறம் தலைவிளக்குகளை அணைக்கச் சொன்னார்.

நான் இருட்டைப் பார்த்தவள். கரண்ட் போன கிராமத்து அமாவாசை எனக்குத் தெரியும். இது அது இல்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே மாதிரி. மகன் என் விரலை நெரித்தான். 1842 வரைக்கும் சிறு பிள்ளைகளை இப்படி இருட்டில் உட்கார வைத்திருந்தார்கள், வண்டி வந்தால் காற்றுக் கதவைத் திறந்துவிட்டு மூடுவதற்காக, என்று அந்த இருட்டுக்குள்ளிருந்தே அவர் சொன்னார். என் மகனுக்கு அப்போது எட்டு வயது. அதே வயதுப் பிள்ளைகள்.

மீத்தேன் பற்றிக்கொண்டால் அது முதல் வெடிப்புதான். அந்த அதிர்ச்சியில் தரையில் கிடக்கிற கரித்தூசு எழும்பி, தூசே பற்றிக்கொண்டு வழிநெடுக ஓடும். நெருப்பில் தப்பியவனை அதற்குப் பின்னால் வரும் கார்பன் மோனாக்சைடு கொல்லும். சின்ன ரோந்தாவில் ஃபெர்ண்டேலில் 1867-ல் 178 பேர், அதே இடத்தில் 1869-ல் 53 பேர், மார்டியில் 1885 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு 81 பேர், டைலர்ஸ்டவுனில் 1896-ல் 57 பேர். கிழக்கே செங்கெனித்தில் 1913 அக்டோபர் 14 அன்று 439 தொழிலாளர்களும் காப்பாற்றப் போன ஒருவரும் இறந்தார்கள். பிரிட்டனின் சுரங்க விபத்துகளிலேயே மிகப் பெரியது அதுதான். விசாரணை முடிவில் மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம். ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங் ஒன்றேகால் பென்னி என்று ஒரு பத்திரிகை கணக்குப் போட்டு எழுதியது.

இந்தச் சாவுகளுக்கெல்லாம் தேதி இருக்கிறது, கல் இருக்கிறது, வருடாவருடம் மாலை வைக்கிறார்கள். வைக்க வேண்டியதுதான். தூசில் போனவர்களுக்குத் தேதி கிடையாது. ஒவ்வொருவராக, மாடி அறையில், ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே போனார்கள். எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். சுரங்கத்தை நினைவுகூர்கிற இடங்களில் இதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

ஆனால் பெரியவரிடம் ஆத்திரம் இல்லை. குழியைப் பற்றிப் பேசச் சொன்னால் அவர் முகமே மாறிவிடும். கூட வேலை செய்தவனை 'பட்டி' என்பார்கள், கூட்டாளி. மேலே விழப்போகிற பாறையின் சத்தத்தைத் தனக்கு முன்னால் கேட்டு இழுத்துவிட்டவனை ஒருத்தன் எப்படி மறப்பான்? விளக்கறையில் பித்தளை வில்லையைக் கொடுத்துவிட்டு விளக்கை வாங்குவது, எலி கடிக்காத தகரப் பெட்டியில் ரொட்டி கொண்டுபோவது, சங்கு ஊதினால் ஊரே நேரம் பார்ப்பது, இதையெல்லாம் அவர் நேற்று நடந்த மாதிரி சொல்வார். மகனை அந்த வேலைக்கு அனுப்பினீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "என் பிணத்தைத் தாண்டித்தான் போயிருப்பான்" என்றார். இரண்டும் ஒரே வாய்தான். முதலில் எனக்கு அது முரணாகப் பட்டது. அவர்களோடு பழகப் பழக, அவர்கள் அழுவது கரிக்காக இல்லை என்று புரிந்தது.

சம்பளத்தில் பென்னி பென்னியாகப் பிடித்துச் சுரங்கத் தொழிலாளர்கள் கட்டிய மன்றங்கள் ஊருக்கு ஊர் இருந்தன. நூலகம், நாடக மேடை, பில்லியர்ட்ஸ், படிப்பறை. மார்டி மன்றம் ரோந்தாவின் பெரிய மன்றங்களில் ஒன்று. ஊருக்கே 'குட்டி மாஸ்கோ' என்று பட்டப்பெயர், அவ்வளவு இடதுசாரிகள். பின்னாளில் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளரான ஆர்தர் ஹார்னர் இங்கே வாழ்ந்தவர். டன் கணக்கில் கூலி என்பதால், எடை போடுமிடத்தில் முதலாளி ஏமாற்றாமல் பார்க்கத் தொழிலாளர்களே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து வைப்பார்கள். ஹார்னர் மார்டியில் அந்த வேலை பார்த்தவர். இன்னொரு பள்ளத்தாக்கில், ட்ரெடீகரில், பவுண்டுக்கு மூன்று பென்னி என்று சம்பளத்தில் கொடுத்து டாக்டர், நர்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம் தாங்களே நடத்தினார்கள். அந்த ஊரில் பதின்மூன்று வயதில் குழிக்குப் போன அன்யூரின் பெவன்தான் பின்னால் சுகாதார அமைச்சராகி, 1948 ஜூலை 5 அன்று நாடு முழுவதற்கும் இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் செய்ததைத்தான் உங்கள் எல்லாருக்கும் செய்கிறேன் என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார்.

என் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பள்ளத்தாக்குகளில் பல ஊர்களுக்கு 1960-களிலிருந்து டாக்டர் என்றாலே இந்தியத் துணைக்கண்டத்து ஆள்தான், உள்ளூர் டாக்டர்கள் வர விரும்பாத இடங்கள். என்னை முதல்முறை பார்த்தபோது பெரியவர் ஆச்சரியப்படாததற்கும் அதுதான் காரணம். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று எவ்வளவோ சொன்னார், எனக்கு வாய் வரவில்லை. கடைசிவரை 'சார்'தான். அது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. வாழ்க்கையில் மேலாளர்களைக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லையாம்.

குழிகளை மூடுவதை எதிர்த்து 1984 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தத்தைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். மனைவிதான் பேசுவார். ஒரு வருடம் சம்பளம் இல்லை. பெண்கள் சேர்ந்து பொதுச் சமையல் நடத்தினார்கள், உணவுப் பொட்டலம் கட்டினார்கள். "அதுவரைக்கும் நான் மைக்கைத் தொட்டதில்ல, கண்ணு. அந்த வருஷம் லண்டன்ல போய்க் கூட்டத்துல பேசினேன். காசு தாங்கன்னு கேட்டேன். கூச்சமே படல." தெற்கு வேல்ஸில் இருபதாயிரம் பேருக்கு மேல் வெளியே நின்றார்கள். முடிவு தெரிந்த பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உள்ளே போகவில்லை. மார்டியில் எழுநூற்றுச் சொச்சம் பேர். ஒருவர்கூட உடைத்துக்கொண்டு போகவில்லை. 1985 மார்ச் 5 அன்று விடியற்காலையில் ஊரே பேண்டு வாத்தியத்தோடு, கொடியைத் தூக்கிக்கொண்டு அவர்களைக் குழி வாசல்வரை கொண்டுபோய் விட்டது. தோற்றவர்கள் அப்படித் திரும்பிப் போனதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர் மனைவி அந்த இடத்துக்கு வரும்போது நிறுத்திவிடுவார். நானும் கேட்டதில்லை.

குழிகளை மூடியது அப்போதிருந்த தாட்சர் அரசாங்கம் மட்டுமல்ல. 1960-களிலேயே, தொழிற்கட்சி ஆட்சியிலும், வரிசையாக மூடினார்கள். எண்ணெய் மலிவாகக் கிடைத்தது, கரி அடுக்குகளோ உடைந்தும் மடிந்தும் கிடந்தன. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அப்போது அடுத்த பள்ளத்தாக்கில் இன்னொரு குழி இருந்தது, தொழிற்சாலை இருந்தது. 1985-க்குப் பிறகு மூடியபோது எதுவும் இல்லை. மார்டி கரி 1986-ல் கடைசியாக மார்டியில் மேலேறியது. அதற்குப் பிறகு மலைக்கு அடியிலேயே வழி தோண்டி, அந்தப் பக்கத்து டவர் குழி வழியாக எடுத்தார்கள். 1990 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு, மார்டி மூடியது. ரோந்தாவின் கடைசிக் குழி. ரயில் பாதையும் போனது. மன்றத்தை நான் வந்த பிறகு இடித்தார்கள்.

டவர் கதை மட்டும் கேட்கச் சந்தோஷமானது. 1994 ஏப்ரலில் மூடினார்கள். டைரோன் ஓ'சல்லிவன் என்பவர் முன்னால் நிற்க, 239 பேர் தங்களுக்கு வந்த பணத்தில் ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டுக் குழியை வாங்கினார்கள். 1995 ஜனவரி 2 அன்று கொடி பிடித்து மலையேறிப் போய்த் திறந்தார்கள். இலாபம் இல்லை என்று மூடியதைப் பதின்மூன்று வருடம் இலாபத்தில் நடத்தினார்கள். கரி தீர்ந்து 2008 ஜனவரியில் அவர்களே மூடினார்கள். பெரியவர் அன்றைக்கு ஆக்சிஜன் குழாயோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். "சரி, இது எங்க கையால மூடினது," என்றார்.

குழி போனாலும் அது வெளியே கொட்டியது போகவில்லை. கரியோடு வந்த கல்லையும் சேற்றையும் மலை மேல் கொட்டிக்கொட்டிக் கரிய மேடுகள். அபர்வானில் 1966 அக்டோபர் 21 காலை ஒன்பதேகாலுக்கு அப்படி ஒரு மேடு, ஊற்றின் மேல் கொட்டியிருந்த ஏழாம் எண் மேடு, சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள். அரைப் பருவ விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். மேடு ஆபத்து என்று ஊர்க்காரர்கள் முன்னமே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மற்ற மேடுகளை அகற்ற, உலகம் அந்தக் குழந்தைகளுக்காக அனுப்பிய நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்துக்கொண்டார்கள். 1997-ல்தான் அது திரும்ப வந்தது, வட்டியில்லாமல். அபர்வான் இடுகாட்டில் வரிசையாக நிற்கும் வெள்ளை வளைவுகளுக்கு ஒரே ஒருமுறை போனேன். இன்னொரு முறை போகும் தெம்பு எனக்கு இல்லை.

2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயல் மழையில் டைலர்ஸ்டவுன் மலையில் பழைய மேடு ஒன்று சரிந்தது. சுமார் 60,000 டன். ஆற்றை அடைத்தது. யாருக்கும் அடிபடவில்லை. மறுநாள் கிளினிக்கில் வயதானவர்கள் யாரும் தங்கள் மூச்சைப் பற்றிப் பேசவில்லை, எல்லாரும் அபர்வானைப் பற்றித்தான் பேசினார்கள். வேல்ஸில் இப்படிக் கைவிடப்பட்ட மேடுகள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன.

பெரியவர் அதைப் பார்க்கவில்லை. 2010 குளிர்காலத்தில் போய்விட்டார். அங்கே தொழிலால் வந்த நோயில் ஒருவர் இறந்தால் டாக்டர் உடனே சான்றிதழ் எழுத முடியாது. கொரோனருக்கு, அதாவது மரண விசாரணை அதிகாரிக்கு, சொல்ல வேண்டும். உடலை அறுத்து நுரையீரலைப் பார்ப்பார்கள். அடக்கம் தள்ளிப்போகும். பல குடும்பங்களுக்கு இது பழகிப்போன விஷயம். அவர் மனைவிக்கு இது இரண்டாவது முறை. 1950-களில் அவருடைய அப்பா இறந்தபோதும் இப்படித்தான் நுரையீரலை எடுத்துப் பார்த்தார்கள். மார்ச்சளி, தூசு இல்லை என்று எழுதி வந்ததாம். அம்மாவுக்கு ஒரு காசு வரவில்லை. சுரங்கத் தொழிலாளியின் மார்ச்சளியையும் தொழில் நோயாகச் சட்டம் ஏற்றது 1993-ல். அதற்குள் அம்மாவும் இல்லை.

மார்ச் மாதம் பெரியவரின் மனைவியைப் பார்க்க மார்டிக்குப் போனேன். பஸ் ஃபெர்ண்டேலைத் தாண்டும்போது பனி தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை, கரி கொட்டி வைக்கும் இடம். அதற்கு 'குட்ச்' என்று பெயர். கட்டிப்பிடித்துக்கொள்வதற்கும் அங்கே அதே சொல்தான். வாசலிலேயே எனக்கு ஒரு குட்ச் கொடுத்தார். படிக்கு அடியிலிருந்த குட்சில் ஆக்சிஜன் இயந்திரம் நின்றது, எடுத்துப் போக ஆள் வரவில்லையாம்.

தபால் வந்திருந்தது. கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, நீயே படி என்று என் கையில் கொடுத்தார். கண்ணாடி கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் படித்தேன். இறப்பின் காரணம், கரித்தூசு நுரையீரல் நோய். முடிவு, தொழில்வழி நோய்.

அவர் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். அதற்குள் அப்பாவின் காகிதம், நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து. இரண்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உள்ளங்கையால் நீவினார். அப்புறம் புதிய காகிதத்தை மறுபடி என்னிடம் நீட்டினார்.

"இதுல எத்தனை பர்சென்ட்னு போடலயே, கண்ணு. நல்லாப் பாரு."

முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தேன். எண் எதுவும் இல்லை.